ஐம்பது கிராம் கரியில் ஒரு ஏக்கர்

நூறு கிராம் ரப்பருக்கு ஐம்பது கிராம் என்-330 ரகக் கார்பன் பிளாக், அதாவது நுண்ணிய கரித் தூள், போடுகிறோம். அந்தக் கரியில் ஒரு கிராமுக்குச் சுமார் 78 சதுர மீட்டர் மேற்பரப்பு உண்டு. ஐம்பது கிராமுக்கு 3,900 சதுர மீட்டர். நிலக் கணக்கில் சொன்னால் 96 சென்ட், ஏக்கருக்கு நாலு சென்ட்தான் குறைவு. உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் கலவையான காம்பவுண்டுக்குள் அவ்வளவு இடம் மடிந்து கிடக்கிறது. அதில் எவ்வளவை ரப்பர் தொட்டுப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தே பொருளின் பலம். மிக்சிங்கில் நிற்கிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்திருந்தால் பாதிப் புகார்களுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

அதே ஐம்பது கிராமை என்-660-ஆகப் போட்டால் 43 சென்ட். என்-990 தெர்மல் பிளாக்கில் பத்து சென்ட்டைச் சுற்றி வரும். அரைத்த சுண்ணாம்புக்கல்லான வைட்டிங்கில் இரண்டு மூன்று சென்ட் தேறினாலே அதிகம். டயருக்குப் போகும் சிலிக்காவில், கிராமுக்கு 175 சதுர மீட்டர் ரகம் என்றால், இரண்டு ஏக்கருக்கு மேல். எடை ஒன்றேதான், ஆனால் கடைசியில் வரும் பொருள் அடியோடு வேறு.

ரப்பரில் கலக்கும் இந்தத் தூள்களுக்குள்ள ஃபில்லர் என்ற பெயரே புதிதாக வருகிறவர்களைக் குழப்புகிறது. இடத்தை அடைத்து விலையைக் குறைக்கும் சரக்கு என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வைட்டிங்குக்கு அது பொருந்தும், கரிக்குப் பொருந்தாது. கரி இல்லாத எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பர் 2, 3 மெகாபாஸ்கலிலேயே அறுந்துவிடும். நூறு பங்கு ரப்பருக்கு 50 பங்கு என்-330 சேர்த்தால் 20-ஐத் தாண்டும். இயற்கை ரப்பர் இழுபடும்போது தானே படிகமாகி இறுகுவதால், கரி இல்லாமலே 20-க்கு மேல் காட்டும். ஆகவே அதில் டென்சைலை, அதாவது இழுத்தால் அறுபடும் பலத்தை, மட்டும் பார்த்துக் கரியின் வேலையை எடைபோடக் கூடாது. தேய்மானம், கிழிசல், விறைப்பு ஆகியவற்றில் பார்க்க வேண்டும். லண்டனை அடுத்த சில்வர்டவுனில் 1904-இல் இந்தக் குணம் கண்டறியப்பட்டுப் பரவும்வரை டயர்கள் பெரும்பாலும் வெளிர் நிறத்தில்தான் ஓடின.

மேற்பரப்பு ஒரு பக்கம் என்றால், ஸ்ட்ரக்சர் இன்னொரு பக்கம். கரித் துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை, கொத்துக் கொத்தாக ஒட்டிப் பிறக்கின்றன. கொத்து எவ்வளவு கிளைத்திருக்கிறது என்பதை எண்ணெய் உறிஞ்சும் எண் சொல்லும். என்-330-க்கு 102, என்-326-க்கு 72. இரண்டுக்கும் மேற்பரப்பு ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் கிளை குறைந்த 326-இல் மாடுலஸ் (இழுப்புக்குக் காட்டும் விறைப்பு) குறையும், கிழிசல் தாங்கும். கம்பியில் பூசும் காம்பவுண்டுகளுக்கு அதை எடுப்பது அதனால்தான். கிளை மிகுந்த என்-550-ஐ எக்ஸ்ட்ரூஷனில் (அச்சுத் துளை வழியே பிதுக்கும் முறையில்) போட்டால் டையை விட்டு வெளியே வரும் புரொஃபைல் அதிகம் ஊதாது, மேற்பரப்பும் வழவழப்பாக இருக்கும்.

ஹார்ட்னஸுக்கு ஒரு மனக்கணக்கு உண்டு. இயற்கை ரப்பருக்கு அடிப்படை 40 ஷோர் ஏ (ஹார்ட்னஸ் அளவு). என்-330, என்-550 இரண்டு பங்குக்கு ஒரு பாயின்ட் ஏறும், எண்ணெய் இரண்டு பங்குக்கு ஒரு பாயின்ட் இறங்கும். ஹார்ட் கிளே என்ற களிமண் தூள் நாலு பங்குக்கு ஒன்று, வைட்டிங் ஏழு பங்குக்கு ஒன்று. 60 வேண்டுமென்றால் 40 பங்கு கரி. அதில் 6 பங்கு எண்ணெயும் போட வேண்டியிருந்தால் கரியை 46 ஆக்குங்கள். முதல் டிரையலுக்கு இது போதும்.

ரெசிப்பி சரியாக இருந்தும் பொருள் தோற்கிறதென்றால், பெரும்பாலும் மிக்சிங்கின் முதல் சில நிமிடங்களில் கோளாறு நடந்திருக்கும். கரிக் குருணை முதலில் ரப்பருக்குள் போக வேண்டும், பிறகு உடைய வேண்டும், பிறகு பரவ வேண்டும். உடைப்பதற்கு ரப்பரின் இறுக்கம்தான் சுத்தியல். எண்ணெயை முன்கூட்டியே ஊற்றினால் சுத்தியல் பஞ்சாகிவிடும். குருணை உடையாமல் வழுக்கிக்கொண்டே சுற்றும். ஆகவே எண்ணெயைக் கடைசிப் பங்குக் கரியோடுதான் சேர்க்க வேண்டும். மூடிய மிக்சர்களான நீடரிலோ பான்பரியிலோ அறையின் 70 முதல் 75 சதவீதம்வரை நிரப்புவது வழக்கம். குறைத்தால் மேலிருந்து அமுக்கும் ராமின் அழுத்தம் ரப்பரைத் தொடாது, கூட்டினால் தொண்டையிலேயே கொஞ்சம் கலக்காமல் நின்றுவிடும். மின்சார மீட்டரில் முள் ஏறி இறங்கி மறுபடி ஏறுகிறதே, அந்த இரண்டாவது ஏற்றம்தான் கரி முழுதும் உள்ளே போய்விட்டதற்கு அடையாளம். அதற்கு முன் கதவைத் திறப்பதால் மிச்சமாகும் ஒரு நிமிடத்துக்குப் பிறகு ரிஜெக்‌ஷனில் விலை கொடுக்க நேரும். இரட்டை உருளை மில்லில் கலக்கும்போது தட்டில் விழும் கரியைக் கூட்டியெடுத்து மறுபடி போட்டு முடிக்கும்வரை ரப்பரை அறுத்துத் திருப்பக் கூடாது. முடிந்ததும் எடை பாருங்கள். அரை சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அந்த பேட்ச் எழுதிவைத்த ரெசிப்பியில்லை.

சிலிக்காவின் குணம் வேறு. அதன் மேற்பரப்பு முழுக்க சிலனால் தொகுதிகள். அவை ரப்பரைவிட ஒன்றையொன்றுதான் அதிகம் விரும்பும். அமிலத்தன்மையும் இருப்பதால், கியூரை (ரப்பர் கந்தகத்தோடு வெந்து இறுகுவதை) விரைவுபடுத்தும் ஆக்சிலரேட்டரைத் தம்மிடமே இழுத்துக்கொள்ளும், கியூர் தாமதமாகும். செருப்பு சோல், வெள்ளைப் பொருள்கள் செய்கிறவர்கள் 2, 3 பங்கு டை எத்திலீன் கிளைக்கால் போட்டுச் சமாளிப்பார்கள். டயரின் தரை தொடும் டிரெட்டில் அது போதாது, சிலிக்காவையும் ரப்பரையும் இணைக்கும் சிலேன் வேண்டும். 50 பங்கு சிலிக்காவுக்கு சுமார் 4 பங்கு டி.இ.எஸ்.பி.டி. என்ற சிலேன். காம்பவுண்டை 145 முதல் 155 டிகிரிக்குள் சில நிமிடம் பிடித்துவைத்தால்தான் சிலேன் சிலிக்காவைப் பற்றும். 140-க்குக் கீழே வினை முடியாது. 160-ஐத் தாண்டினால் சிலேனில் உள்ள கந்தகம் விடுபட்டு மிக்சருக்குள்ளேயே காலத்துக்கு முன்பே இறுகி ஸ்கார்ச் ஆகத் தொடங்கும். வினை நடக்கும்போது எத்தனால் ஆவியாக வெளியேறும், எக்ஸாஸ்ட் ஓடியாக வேண்டும். துத்தநாக ஆக்சைடு இந்த வினையில் குறுக்கிடும், அதை அடுத்த ஸ்டேஜுக்கு ஒதுக்குவது நல்லது. மழைக்காலத்தில் திறந்து போட்ட சிலிக்காப் பையை நம்பி இதில் எதையும் செய்ய முடியாது. ஈரம் ஏற ஏற பேட்சுக்கு பேட்ச் முடிவு மாறும்.

இவ்வளவு பாடுபடுவது டயரில் உண்டாகும் வெப்பத்தைக் குறைக்கத்தான். ரப்பருக்குள் ஃபில்லர் கொத்துகள் ஒன்றையொன்று தொட்டு வலை பின்னிக்கொள்கின்றன. சிறு அசைவில் அந்த வலை விறைப்பாக நிற்கும், அசைவு கூடினால் உடையும், விட்டால் மறுபடி கூடும். உடைந்து கூடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிறது. இதுதான் பெய்ன் விளைவு. டயரில் அது எரிபொருள் செலவாகவும், லாரி டயரில் உள்சூடாகவும் தெரியும். முதல் இழுப்பில் இருக்கும் விறைப்பு இரண்டாவதில் இல்லாமல் போவது மல்லின்ஸ் விளைவு. அதிர்வு தாங்கும் புஷ், மவுண்ட் சோதிக்கிறவர்கள் முதல் இரண்டு சுற்றை விட்டு மூன்றாவதில் அளவெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் எண்ணும் நம் எண்ணும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

வைட்டிங் பற்றி ஒன்று. கிலோ விலையைப் பார்த்து அதை அள்ளிப் போடுகிறவர்கள் அடர்த்தியை மறந்துவிடுகிறார்கள். கரிக்கு 1.8, வைட்டிங்குக்கு 2.7. ஐம்பது கிலோ கரி அடைக்கும் இடத்தை அடைக்க 75 கிலோ வைட்டிங் வேண்டும். மோல்டு நிரம்புவது கன அளவில், பொருள் விற்பது எண்ணிக்கையில். லிட்டருக்கு என்ன விலை என்று போட்டுப் பார்த்தால் மிச்சத்தில் ஒரு பகுதி கரைந்திருக்கும், டென்சைலும் அதோடு போயிருக்கும்.

டிஸ்பெர்ஷன் (கரி பரவியிருக்கும் விதம்) பார்க்கப் பெரிய கருவி இல்லாத பட்டறைகளும் உண்டு. வல்கனைஸ் ஆன துண்டைப் புது பிளேடால் ஒரே இழுப்பில் அறுத்து, வெட்டுமுகத்தைச் சாய்வான வெளிச்சத்தில் 30 மடங்கு லென்ஸில் பாருங்கள். நன்றாகப் பரவியிருந்தால் கறுப்புக் கண்ணாடிபோல் இருக்கும். இல்லையென்றால் மேடும் குழியுமாகத் தெரியும். மேடு உடையாத குருணை, குழி அது பெயர்ந்துபோன இடம். டென்சைல் மெஷினில் எதிர்பாராமல் சீக்கிரம் அறுந்த டம்பெல் வடிவச் சோதனைத் துண்டையும் குப்பையில் போடும் முன் அதே லென்ஸின் கீழ் வையுங்கள். விரிசல் கிளம்பிய மூலையில், பலமுறை, ஒரு கரிக் குருணை உட்கார்ந்திருக்கும்.