லித்தியம் அயனி பேட்டரியின் கேத்தோடு (நேர்மின்வாய்) பூச்சில் ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

வைவாவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பூச்சு எதற்கு?" நிலைத்தன்மையைக் கூட்ட என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அதிலிருந்தே அடுத்த பத்து கேள்விகள் கிளம்பும்.

கேத்தோடு பொடியின் துகள்கள் மேல் போடும் இந்த மெல்லிய பூச்சு சகல நோய்க்கும் ஒரே கஷாயம் அல்ல. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற கேத்தோடு பொருளுக்கு மின்கடத்துதிறன் போதாது; அதற்குத்தான் கார்பன் பூச்சு. நிக்கல் அதிகமுள்ள என்எம்சி 811-இன் (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த கேத்தோடு பொருள்) சிக்கல் வேறு. சார்ஜ் ஏறும்போது உருவாகும் நான்கு இணைதிற நிக்கல், அயனிகள் நகரும் ஊடகமான எலக்ட்ரோலைட்டை ஆக்சிஜனேற்றம் செய்யும். துகளின் மேற்பரப்பு மெல்ல மெல்லப் பாறை உப்பு அமைப்புக்கு மாறும், லித்தியம் உள்ளே வெளியே போவது கடினமாகும். போதாக்குறைக்கு, எலக்ட்ரோலைட்டில் உள்ள லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் துளி ஈரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடைத் தரும். அலுமினா பூச்சு அந்த அமிலத்தைத் தானே வாங்கிக்கொண்டு அலுமினியம் ஃப்ளூரைடாக மாறும். சல்ஃபைடு திண்ம எலக்ட்ரோலைட் என்றால் பெரும்பாலும் லித்தியம் நியோபேட் பூச்சு. ஆக, முதலில் உங்கள் கேத்தோடுக்கு என்ன கோளாறு என்று எழுதிவையுங்கள். பூச்சுப் பொருளை அப்புறம் தேடலாம்.

அடுத்தது தடிமன். ஆய்வுக் கட்டுரைகளில் "1 சதவீதம் அலுமினா" என்று எடைக் கணக்கில் போட்டிருப்பார்கள். அதை நானோமீட்டருக்கு மாற்றிப் பாருங்கள். பொடியின் பரப்பு கிராமுக்கு 0.5 சதுர மீட்டர், அலுமினாவின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 4 கிராம் என்று வைத்தால், சீராகப் படிந்த பூச்சு சுமார் 5 நானோமீட்டர்தான் வரும். உங்கள் டிஇஎம் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் 20 நானோமீட்டர் தெரிந்தால், பூச்சு எங்கோ திட்டுத்திட்டாகக் குவிந்திருக்கிறது என்று பொருள். இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டினால் தேர்வாளர் முகமே மாறும். இவ்வளவு மெல்லிய படலம் எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) பொதுவாகத் தெரியாது. மேற்பரப்பில் உள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ்பிஎஸ் எடுத்து வையுங்கள்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: "இது பூச்சா, டோப்பிங்கா (அயல் தனிமம் துகளின் படிகத்துக்குள்ளேயே கலப்பதா)?" சூடாக்கும் வெப்பநிலை கூடக் கூட, அலுமினியம் துகளுக்குள் ஊடுருவத் தொடங்கும். ஒரே பொடியை இரண்டு மூன்று வெப்பநிலைகளில் சூடாக்கிய தரவு இருந்தால் தைரியமாகப் பதில் சொல்லலாம்.

ஒப்பீட்டு மாதிரி விஷயத்தில் நான் கறார். பூச்சு போடாத பொடியையும் அதே கரைப்பானில் கழுவி, அதே சூட்டில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். நிக்கல் அதிகமுள்ள கேத்தோடு பொடியின் மேல் மீந்திருக்கும் லித்தியம் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் கழுவினாலே குறையும். அதனால் வரும் மாற்றத்தையும் பூச்சின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அச்சில் வந்த சில கட்டுரைகளிலும் இந்த ஒப்பீடு இருக்காது. படிக்கும்போது செய்முறைப் பகுதிக்குப் போய் முதலில் அதைத் தேடுங்கள்.