ட்ருபல் 7-ஐ விட்டுக் கிளம்பிய கதை

2023 கடைசியில் அந்த வெப் டெவலப்பர் மாநாட்டுக்குப் போனபோது எனக்கு இருந்தது ஒரே கேள்விதான். வலைத்தளம் கட்டி நடத்தும் மென்பொருளான ட்ருபலின் 7-ஆம் பதிப்பில் ஓடும் எங்கள் தளத்தை ட்ருபல் 10-க்குக் கொண்டுபோவதா, பேக்டிராப் என்ற இன்னொரு மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருப்பதா?

தள்ளிப்போடுவதில் எங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. 2011-இல் வந்த ட்ருபல் 7-க்கு ஆதரவு 2021 நவம்பரோடு நிற்கும் என்றார்கள். அப்புறம் 2022, அப்புறம் 2023, கடைசியாக 2025 ஜனவரி 5. தேதி நகரும் ஒவ்வொரு முறையும் குழுவில் ஒரு பெருமூச்சு வரும், அதோடு பேச்சும் அடங்கிவிடும். இந்த முறை மட்டும் இதற்கு மேல் நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் மேடையில் ஒருவர் 7-லிருந்து 10-க்கு மைக்ரேட் செய்துகாட்டினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவருடைய தளம் நேற்று நிறுவியதுபோல இருந்தது. எங்களுடையது பன்னிரண்டு வருஷமாகப் பலர் கைபட்டது. 8-இலேயே உள்ளே சிம்ஃபனி என்ற நிரல் கட்டமைப்பு வந்துவிட்டது, பக்க டெம்ப்ளேட் எல்லாம் ட்விக் என்ற வேறு டெம்ப்ளேட் மொழிக்கு மாறிவிட்டது. அதனால் 7-ஐ இருந்த இடத்திலேயே உயர்த்த வழி கிடையாது. காலியான புதுத் தளத்தை நிறுவி, பழைய டேட்டாபேஸிலிருந்து உள்ளடக்கத்தை இழுக்க வேண்டும். 9-இல் இருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. அவர்கள் அந்த உரைக்கே வரவில்லை.

உருப்படியான விஷயம் மறுநாள்தான் கிடைத்தது. உரை எதுவும் இல்லாமல், வேண்டியவர்கள் உட்கார்ந்து பேசும் சின்ன அறை. என் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், "உங்கள் தளத்தில் எத்தனை வியூ இருக்கிறது?" என்றார். வியூ என்றால் உள்ளடக்கத்தைத் திரட்டிப் பட்டியலாகக் காட்டும் பகுதி. எத்தனை என்று தெரியவில்லை. லேப்டாப்பைத் திறந்து எண்ணினேன். 64.

"அதில் ஒன்றுகூடத் தானாக வராது" என்றார்.

கட்டுரை, பயனர் கணக்கு, பக்க முகவரிகளுக்கு வைத்த மாற்றுப் பெயர்கள் எல்லாவற்றையும் ட்ருபலின் அடிப்படைத் தொகுப்பான கோரில் உள்ள மைக்ரேட் கருவி கொண்டுவந்துவிடும். 7-இல் வியூஸ் தனி மாட்யூல், அதாவது தனியாகச் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல். அதைக் கோர் தொடாது, கையால்தான் மறுபடி கட்ட வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவரோ, "முதலில் அந்த 64-இல் எத்தனையை ஆட்கள் பார்க்கிறார்கள் என்று பாருங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

திரும்பி வந்து மூன்று மாத அணுகல் பதிவை அலசினேன். ஆள் நடமாட்டம் இருந்தது 19-க்குத்தான். நாங்களே எழுதிய 11 மாட்யூல்களில் இன்னும் தேவைப்பட்டவை 4. பேக்டிராப் ஆசை அங்கேதான் விட்டது. ட்ருபல் 7-இலிருந்து பிரிந்ததுதான் அது, பழைய நிரலைக் கொஞ்சம் தட்டிக்கொட்டினால் ஓடும். 11-ம் தேவைப்பட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போயிருப்பேன். நாலே நாலு என்றால் புதிதாகவே எழுதிவிடலாம்.

சோதனை ஓட்டம் பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. ஆனால் சில பக்கங்களைத் திறந்தால் தலைப்பு மட்டும் இருக்கிறது, கீழே வெறும் வெள்ளை. எடிட் போட்டுப் பார்த்தால் எழுத்து முழுசாக இருக்கிறது! ஒரு நாள் முழுக்க டெம்ப்ளேட்டைக் குடைந்தேன். பதில் லாகில் கிடந்தது: பிஎச்பி ஃபில்டர் இல்லையாம். 7-இல் உள்ளடக்கத்துக்குள்ளேயே பிஎச்பி (ட்ருபல் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழி) எழுதலாம், அதை இயக்குவது இந்த ஃபில்டர். 8-இல் அந்த வசதியைக் கோரிலிருந்து எடுத்துவிட்டார்கள், நல்ல காரியம். ஃபில்டர் காணாமல் போனால் ட்ருபல் பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த உரை முழுவதையுமே காட்டாமல் விட்டுவிடும். மொத்தம் 23 பக்கங்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் பிஎச்பியே இல்லை. யாரோ ஃபார்மட் பட்டியலில் கை தவறி பிஎச்பி ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் நடப்பு வருஷத்தை அச்சிட ஒரே ஒரு வரி இருந்தது.

சர்வரை பிஎச்பி 8.1-க்கு ஏற்றியது, தளத்தின் தோற்றத்துக்கான தீம்-ஐத் திருப்பி எழுதியது எல்லாம் நேரம் தின்ற வேலைகள், சொல்லும்படி ஒன்றுமில்லை. 2024 நவம்பரில் புதிய தளத்துக்கு மாறினோம்.

ஆறாவது வாரம் கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. ஆண்டறிக்கைக்கான பட்டியல் பக்கத்தைக் காணவில்லையாம். வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறப்பார்களாம். நான் பார்த்தது மூன்று மாதப் பதிவு. சரி என்று அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து இருபதாவது வியூவைக் கட்டினேன்.