ராஜாவுக்குப் பிறந்தநாள், அம்மாவுக்குச் சந்தை

மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமில் கோனிங்ஸ்டாக் பார்க்கப் போனோம். நெதர்லாந்து மன்னர் வில்லெம் அலெக்சாண்டரின் பிறந்தநாள், ஏப்ரல் 27. நாடு முழுக்க விடுமுறை. அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் 26ஆம் தேதியே கொண்டாடிவிடுவார்கள் என்று சொன்னதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ராஜாவுக்குக் கூடவா நட்சத்திரம் பார்க்க மாட்டாங்க?"

நட்சத்திரம் என்ன, இவருடைய அம்மா பியாட்ரிக்ஸ் ராணியாக இருந்த காலத்தில் தன் பிறந்தநாளையே கொண்டாடவில்லை. அவர் பிறந்தது ஜனவரி 31. அதனால் தன் தாய் யூலியானா பிறந்த ஏப்ரல் 30ஐயே 2013 வரை விழா நாளாக வைத்திருந்தார். இதைச் சொன்னதுதான் தாமதம், "பெத்த பொண்ணுன்னா அப்படி இருக்கணும்" என்று அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜனவரிக் குளிரில் தெருவில் நின்று யாரும் கொண்டாட முடியாது என்று நான் சொன்ன பின்பாதி அவர் காதில் ஏறவே இல்லை.

ஆரஞ்சு நிறம்தான் உடுத்த வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். சுங்குடிச் சேலையில் கிளம்பினார். மேலே ஜெர்கின், தலையில் கம்பளிக் குல்லா. அன்று ஊர் மையத்துக்குள் டிராம் ஓடாது. பாதி வழியில் இறங்கி நடந்தோம். ஆரஞ்சு விக், ஆரஞ்சு சட்டை, காற்றடைத்த கிரீடம், கழுத்தில் ஆரஞ்சுத் துண்டோடு ஒரு நாய்.

"என்னடி, எந்தக் கட்சி மாநாடு இது?"

அரச குடும்பம் ஆரஞ்சு-நாசாவ் வம்சம், அதனால்தான் என்றேன். "அப்போ கொடி மட்டும் ஏன் சிவப்பு, வெள்ளை, நீலம்?" கொடிக்கு மேலே தனியாக ஆரஞ்சு நாடா தொங்குவதைக் காட்டிய பிறகுதான் விட்டார். ராஜாவையே பார்க்கலாம் என்று நினைத்திருந்தார் போல. அவர் ஆண்டுக்கு ஓர் ஊராகப் போவார், இங்கே வரமாட்டார் என்றதும் கொஞ்சம் வாடிப்போனார்.

வோன்டல் பூங்காவில் நுழைந்ததும் அந்த வாட்டம் போன இடம் தெரியவில்லை. சாதாரண நாளில் தெருவில் கடை போட அனுமதி வேண்டும். ராஜா பிறந்தநாளன்று மட்டும் யார் வேண்டுமானாலும் வீட்டுப் பரணைக் காலி செய்து நடைபாதையில் விரிக்கலாம், வரியும் கிடையாது. வோன்டல் பூங்கா முழுக்கக் குழந்தைகளின் கடைகள். கால் பத்தாமல் போன ஷூ, முடி போன பொம்மை, யார் வீட்டுத் தாத்தாவுடையதோ தெரியாத காபி அரைக்கும் மெஷின். பூக்காரம்மா கூடை மேல் வைத்திருப்பது போலவே ஒவ்வொரு போர்வை மேலும் க்யூஆர் அட்டை.

எட்டு வயது இருக்கும், ஒரு பெண் 1000 துண்டு ஜிக்சா பெட்டி ஒன்றை 2 யூரோ என்றாள். அம்மா ஒரு விரலைக் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். அம்மா கிளம்புவது போல நான்கு அடி நடந்தார். அவள் கூப்பிடவில்லை! அம்மாவே திரும்பி வர வேண்டியதாயிற்று. அப்போதுதான் அந்தப் பெண், "இதில் ஒரு துண்டு இல்லை" என்று தானாகவே சொன்னாள். கேட்காமலே குறையைச் சொல்லும் வியாபாரியை அம்மா தன் ஆயுளில் பார்த்ததில்லை. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "அந்தத் துண்டுக்கு எவ்வளவு கழிப்பேன்னு கேளுடி" என்றார். கேட்டேன். பெட்டி மேலிருந்த படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "அது வெறும் வானம்தான்."

2 யூரோவும் போனது.

அடுத்து ஒரு பையன். காசு கொடுத்தால் அவன் முகத்தில் முட்டை எறியலாம். அதற்கு வரிசை வேறு! பெற்றவர்கள் பக்கத்திலேயே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பச்சைப் புள்ளையைப் போய்..." என்று ஆரம்பித்த அம்மா, தட்டில் இருந்த முட்டைகளைப் பார்த்ததும் "நல்ல முட்டைடி" என்று முடித்தார். அவர் எறியவில்லை. என் கணவர் எறிந்தார், குறி தப்பியது. அம்மாவுக்கு மாப்பிள்ளை மேல் மரியாதை கூடியது இதனால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

நடுவில் ஆலங்கட்டி மழை ஒரு பாட்டம் வந்து போனது. யாரும் கடையைக் கட்டவில்லை.

மாலையில்தான் வேடிக்கையே. விற்காத சாமானை மறுபடி வீட்டுக்குச் சுமக்க மனமில்லாமல் பலர் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். குப்பை வண்டி வருவதற்குள் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். காலையில் பேரம் பேசிய பொருள்கள் எல்லாம் இப்போது சும்மா கிடக்கின்றன. அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்ற கேள்வி இருந்தது. இரண்டு பீங்கான் ஜாடியும் அந்தக் காபி மெஷினும் எங்களோடு டிராம் ஏறின.

விமானத்தில் 23 கிலோதான் விடுவார்கள் என்று நினைவுபடுத்தினேன். "கொண்டு போறேன்னு யார் சொன்னா? பரண்ல போடு. அடுத்த வருஷம் நாமளே கடை விரிப்போம்" என்றார். ஷெங்கன் விசாவில் 90 நாள்தான் தங்கலாம் என்பதால், ஏப்ரல் கடைசி வாரம் உள்ளே அடங்குவது போல டிக்கெட் போடச் சொல்லி மாப்பிள்ளையிடம் தனியாகப் பேசிவிட்டார். அந்த ஜிக்சாவைத்தான் முதலில் விற்கப் போகிறாராம். விலை 3 யூரோ.