மேக் டிராப் 220: மிக்சர் பறித்துக்கொண்ட இரண்டு சார்ட்டிகள்

சென்னை, மே மாதம், காலை 11 மணி. பெரிய விமானங்களுக்கு வழிவிட்டு, ஓடுபாதைக்கு முன்னுள்ள ஹோல்டிங் பாயிண்டில் எங்கள் சிறிய பிஸ்டன் விமானம் நின்றது 25 நிமிடம். ரன்-அப்பில், அதாவது பறக்கும் முன் செய்யும் எஞ்சின் சோதனையில், 1700 ஆர்.பி.எம். வைத்து, ப்ளக்குகளுக்குப் பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களில் வலதுக்கு மட்டும் மாற்றியதும் எஞ்சின் உதறியது. அப்போது ஆர்.பி.எம். விழுந்த அளவு, அதாவது டிராப், 220. கையேட்டின் எல்லை 125. அந்தப் பறப்பு (சார்ட்டி) அங்கேயே முடிந்தது. அதே வாரத்தில் இன்னொன்றும் இப்படியே போயிற்று. இரண்டுமே தவிர்த்திருக்கக்கூடியவை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

மிக்சர் என்பது எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் சிவப்பு குமிழ்: இழுத்தால் எரிபொருள் குறையும் (லீன்), முழுக்க உள்ளே தள்ளினால் ஃபுல் ரிச். "3000 அடி ஏறும்வரை மிக்சரைத் தொடாதே" என்றே பலருக்கும் பாடம். டேக்-ஆஃபுக்கும் ஏற்றத்துக்கும் அது சரி. தரையில் நிற்கும்போது அதே பாடம்தான் ப்ளக்கைக் கெடுக்கிறது. இந்த எஞ்சின்களின் பெட்ரோலான 100எல்.எல். (லோ லெட்) பெயரில்தான் ஈயம் குறைவு, லிட்டருக்கு 0.56 கிராம் வரை இருக்கலாம். அந்த ஈயத்தை வெளியேற்ற எரிபொருளிலேயே எத்திலீன் டைபுரோமைடு கலந்திருக்கிறது. ஆனால் ப்ளக்கின் முனை நன்றாகச் சூடானால்தான் அது வேலை செய்யும். 800 ஆர்.பி.எம்.மில் ஃபுல் ரிச்சாக நின்றால் அந்தச் சூடு வராது. ஈயம் சாம்பல் நிற மணிகளாகத் தங்கும், பெரும்பாலும் கீழ் ப்ளக்குகளில்.

ஸ்டார்ட் ஆனதும் 1000-1200 வைத்து, சிவப்பு குமிழை மெல்ல இழுங்கள். ஆர்.பி.எம். கொஞ்சம் ஏறி, பிறகு விழத் தொடங்கும். அந்த இடத்தில் விடுங்கள். அரைகுறையாக லீன் செய்வதுதான் ஆபத்து: மறந்துபோய் அப்படியே டேக்-ஆஃப் பவர் கொடுத்தால் எஞ்சின் ஓடும், உள்ளே டெட்டனேஷன் (கலவை சீராக எரியாமல் வெடிப்பது) தொடங்கிவிடும். நன்றாக இழுத்திருந்தால் த்ராட்டிலைத் திறந்ததுமே எஞ்சின் திணறி நினைவூட்டிவிடும்.

டிராப் அதிகமாகி எஞ்சினும் உதறினால், அழுக்கேறிய ப்ளக் என்று முதலில் சந்தேகப்படலாம். மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, 1800-2000 வைத்து, லீன் செய்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பிறகு மறுபடி சோதியுங்கள். அதிலும் தெளியவில்லையா, திரும்பிவிடுங்கள். இந்த வெயிலில் அதையே நாலு முறை செய்து சிலிண்டரை வாட்டக்கூடாது. டிராப்பே இல்லையென்றால் மகிழாதீர்கள். மேக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருக்கலாம். அப்படியானால் சுவிட்சை அணைத்த பிறகும் ப்ரொப்பெல்லர் ஆபத்தானதுதான்.

40 டிகிரியில் நம் ஓடுபாதையின் டென்சிட்டி ஆல்டிட்யூட் (காற்றின் அடர்த்திக்கு ஈடான உயரம்) சுமார் 3000 அடி. அதற்காக டேக்-ஆஃபில் லீன் செய்ய வேண்டாம். எஞ்சின் தயாரிப்பாளரான லைகாமிங் அதைச் சொல்வது 5000 அடியிலிருந்து.

க்ரூஸில் பவர் 75 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் எந்த உயரத்திலும் லீன் செய்யலாம். ஈ.ஜி.டி. (வெளியேறும் புகையின் வெப்பநிலை) உச்சத்தைப் பார்த்து, 50 டிகிரி ஃபாரன்ஹீட் ரிச் பக்கம் திரும்புங்கள். சிலிண்டர் ஹெட் அதிகம் சூடாவதும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான், அதனால் அதன் வெப்பநிலையைக் காட்டும் சி.எச்.டி.மீது கண் இருக்கட்டும். கையேட்டின் தூரக் கணக்கெல்லாம் லீன் செய்த எஞ்சினுக்கு; ஃபுல் ரிச்சாகவே திருச்சி போய்த் திரும்பலாம் என்று அதை நம்பாதீர்கள். ஐப்பசி ஈரத்தில் கார்ப் ஹீட் (கார்பரேட்டருக்குச் சூடான காற்று) போட நேர்ந்தால் கலவை இன்னும் ரிச்சாகும், மறுபடி லீன் செய்ய வேண்டும். இறங்கும்போது ஒவ்வொரு 1000 அடிக்கும் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள்.

இத்தனையும் செய்தும் டிராப் அடிக்கடி வந்தது. "ப்ளக்தான் சார், க்ளீன் பண்ணியாச்சு" என்பதே இரண்டு முறையும் மெக்கானிக்குகளிடம் கிடைத்த பதில். துப்பு கிடைத்தது எஞ்சினை அணைக்கும்போது. ஐடிலில் மிக்சரை எரிபொருள் நிற்கும் கட்-ஆஃபுக்கு மெதுவாக இழுத்தால், நிற்பதற்கு முன் 25 முதல் 50 ஆர்.பி.எம். ஏற வேண்டும். இதில் 110 ஏறியது. அதாவது ஐடில் கலவையே மிகவும் ரிச். "எஞ்சின் ரஃப்" என்று ஸ்னாக் (கோளாறு குறிப்பு) எழுதினால் ப்ளக்கைத் துடைத்துத் தருவார்கள். "கட்-ஆஃபில் 110 ஏற்றம்" என்று எண்ணோடு எழுதியதும் கார்பரேட்டரின் ஐடில் மிக்சர் ஸ்க்ரூவைத் திருத்தினார்கள். அடுத்த ரன்-அப்பில் வலது 70, இடது 60.