சைலோவுக்குள் கோதுமை எவ்வளவு அமுங்கும்?

சைலோ என்பது தானியத்தைக் கொட்டிவைக்கும் உயரமான உருளைக் கிடங்கு. அதில் உள்ள கோதுமைக்குக் கன மீட்டருக்குச் சுமார் 772 கிலோ என்று கணக்குப் போடுவது வழக்கம். அது சின்ன அளவைப் பாத்திரத்தில் தளர்வாகக் கொட்டி எடுத்த எடை. சைலோவில் மேல்பாரம் அடி மணிகளை நெருக்கிவிடும். சைலோவின் கன அளவை அதே எண்ணால் பெருக்கினால் இருப்பு உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். ஈரம் கூடிய தானியம் இன்னும் அமுங்கும்.

அழுத்தமோ தண்ணீரில்போல ஆழத்தோடு ஏறிக்கொண்டே போகாது. சுவர் உராய்வு பாரத்தைத் தாங்குவதை 1895-இல் யான்சன் என்ற ஜெர்மன் பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். விட்டம் 6 மீட்டர், உராய்வுக் கெழு (சுவரில் தானியம் எவ்வளவு உராய்கிறது என்பதன் அளவு) 0.4, பக்க அழுத்த விகிதம் (செங்குத்து அழுத்தத்தில் பக்கவாட்டில் தள்ளும் பங்கு) 0.5 என்று வையுங்கள். 15 மீட்டர் ஆழத்தில் செங்குத்து அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 5 டன். உராய்வு இல்லாவிட்டால் 11.6 டன். சுவரை வெளியே தள்ளுவது அந்த 5 டன்னில் பாதி.

தரைக்கு வராத பாரம் சுவர்வழியே கீழே இறங்குகிறது. மெல்லிய சுவர்த் தகடு மடங்குவது இதனால்தான். பலரும் கவனிக்காதது தானியத்தை இறக்கும் முறை: அடியிலுள்ள ஓரத் துவாரத்தை முதலில் திறந்தால் அழுத்தம் ஒருபக்கமாகி, வட்டச் சுவர் நெளியும். நடுத் துவாரத்தில் தொடங்குங்கள். ஒழுகிய நீரில் நனைந்து உப்பும் தானியம் இன்னும் மோசம். சுவர் போல்ட்டுகளையே அறுத்துவிடலாம்.