கமா மட்டும் போதாது

இங்கிலீஷில் எழுதும்போது பலரும் செய்கிற தவறு, நானும் பல வருடம் செய்தது, இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டிவிடுவது. 'தி ரிப்போர்ட் இஸ் ரெடி, ஐ வில் செண்ட் இட் டுடே.' படிக்க ஒன்றும் உறுத்தாது. ஆனால் கமாவுக்கு இரண்டு பக்கமும் தனித்து நிற்கக்கூடிய வாக்கியங்கள், அந்தக் கனத்தை அது தனியாகத் தாங்காது.

தமிழில் இந்தச் சிக்கல் அவ்வளவாக வருவதில்லை, ஏனென்றால் 'வந்து, பார்த்து, பேசிவிட்டுப் போனார்' என்று வினையெச்சமே எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு போய், கடைசியில் ஒரே ஒரு வினைமுற்றில் நிறுத்திவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடுதான் நாம் இங்கிலீஷுக்குப் போகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, என்ன போடலாம்? முற்றுப்புள்ளி வைத்துப் பிரித்துவிடலாம். கமாவோடு 'அண்ட்', 'பட்', 'ஸோ' சேர்க்கலாம். இரண்டும் நெருங்கிய கருத்து என்றால் செமிகோலன்; 1490களில் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸின் அச்சகத்தில் பிறந்த குறி, எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். இரண்டாவது வாக்கியம் முதலாவதை விளக்கினால் கோலன்: 'ஐ நோ ஒய் இட் ஃபெயில்டு: தி ஃபைல் வாஸ் எம்ப்டி.'

அப்புறம் 'ஹவெவர்'. 'பட்' மாதிரியே அர்த்தம் தந்தாலும் இது இணைப்புச்சொல் இல்லை, வினையுரிச்சொல். அதனால் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் வந்தால் அதற்கு முன் செமிகோலனோ முற்றுப்புள்ளியோ வேண்டும், கமா அதற்குப் பின்னால்தான். ஒரே கட்டுரையில் இதை மட்டும் என் ஆசிரியர் ஐந்து முறை சிவப்பு மையில் வட்டமிட்டுத் தந்தார். இப்போதும் 'ஹவெவர்' என்று அடித்ததும் ஒரு நொடி நிறுத்தி, அதற்கு முன்னால் என்ன குறி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.