365 பேர், 36 கங்காணிகள்

ஜூன் 3
மறுமையில் இறந்தவருக்காக வேலை செய்ய எகிப்தியர் கல்லறையில் வைத்த சின்னப் பொம்மை, ஷப்தி. அதைச் செய்து பார்க்கிறேன். குவார்ட்ஸ் மாவு 90 பங்கு, சோடா 5, சுண்ணாம்பு 3, செம்பு ஆக்சைடு 2. தண்ணீர் சொட்டுச் சொட்டாக. களிமண் மாதிரி இது வளையாது. கெட்டியாகத் தெரியும், பிசைந்தால் சட்டென்று தளர்ந்து வழியும், மடக்கினால் வெடிக்கும். அதனால்தான் ஷப்தி பொம்மைகளைச் சுட்ட மண் அச்சில் அழுத்தி எடுத்தார்கள். அச்சு முன்பக்கத்துக்கு மட்டும்: முகம், மார்பில் மடித்த கை, மண்வெட்டி. முதுகைக் கையால் வழித்துவிட வேண்டும். மண்வெட்டியின் கோட்டை ஈரம் போகும் முன்பே கூராக்கிவிட வேண்டும்.

ஜூன் 4
மழை. உப்பு பூக்கவில்லை.

ஜூன் 5
இன்னும் ஈரம். காற்றோட்டம் இல்லாமல் மெதுவாகக் காய்ந்தால் சோடா மேலே வராது. மேலே வெள்ளையாகப் பூப்பதுதான் சூளையில் உருகி நீலப் பளபளப்பாகும். பூக்காத இடம் மொட்டையாக, சொரசொரவென்று நிற்கும். பலகையில் படிந்த முதுகுக்கு அந்தக் கதிதான்.

ஜூன் 6
ஏன் 36 கங்காணிகள்? எகிப்தியருக்கு வாரம் பத்து நாள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஏவலர், பத்துப் பேருக்கு ஒரு கங்காணி. ஆக 401. மன்னர் துட்டன்காமுன் கல்லறையில் மாதத்துக்கு ஒருவராக இன்னும் 12 பேர், மொத்தம் 413. பிற்காலத்துக் கங்காணிக்கு மட்டும் மம்மிக் கட்டு கிடையாது. உயிருள்ளவர் உடுத்தும் இடுப்பாடை, கையில் சாட்டை. அதற்கு முந்தைய ‘மத்திய இராச்சியம்’ எனும் எகிப்தியக் காலத்தில் ஷப்தி என்பது இறந்தவரின் உருவமே. ஒன்றிரண்டு போதும், மறுமையில் வேலைக்கு அழைப்பு வந்தால் அவருக்காக அது எழுந்து போகும். அப்போது பொம்மை யாருக்கும் அடிமையில்லை. சாட்டை எப்போது உள்ளே வந்தது? இதைத் தாண்டி யோசனை நகரவில்லை.

ஜூன் 7
வெயில்! பூத்துவிட்டது. தொடவே கூடாது, விரல் பட்ட இடம் சுட்டபின் வழுக்கையாகிவிடும்.

ஜூன் 8
எழுத்து வேலை. மாங்கனீசுக் கறுப்பு, சுடுவதற்கு முன்பே. தூரிகையை இழுத்தால் உப்பும் சேர்ந்து வரும், ஒற்றி ஒற்றித்தான் எழுத வேண்டும். எகிப்தியரின் மறுமை மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 6ஆம் மந்திரம்: வயலை உழ, கரைக்கு நீர் பாய்ச்ச, மணலைப் படகில் ஏற்றிக் கடத்த இன்னாரை அழைத்தால், ‘இதோ இருக்கிறேன்’ என்று நீ சொல். ‘இன்னார்’ இருக்கும் இடத்தில்தான் பெயர். சின்னப் பொம்மைக்கு முழு மந்திரம் கொள்ளாது, பெயர் மட்டும் போதும்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு பாப்பிரஸ் ரசீது இருக்கிறது. 365 ஷப்திகள், 36 மேலாட்கள், அதற்கான வெள்ளி கைக்கு வந்தது. விற்றவர் அமுன் கோயில் கைவினைஞர். அதே ஏட்டில் பொம்மைகளை நோக்கியும் பேசுகிறார்: போங்கள், இறந்தவருக்காக வேலை செய்யுங்கள்.

ஜூன் 9
அந்த வெள்ளி பொம்மைகளின் விலையா, அவற்றின் கூலியா?

ஜூன் 10
சூளை 920 டிகிரி. சென்ற முறை 980 தாண்டி முகம் வழிந்தது, பாதம் தட்டோடு ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை அடியில் சுண்ணாம்புத் தூள். புகை அடைத்தால் செம்பு சிவந்துவிடும்; துவாரம் திறந்தே இருக்கட்டும்.

கூலி என்றால் சாட்டை எதற்கு?

ஜூன் 11
கதவு இன்னும் சுடுகிறது. 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை திறப்பதில்லை.